பலகையைப் பார்த்துவிட்டு வா

எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ரேஷன் கடை. வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். மேலே தேதி, கீழே அரிசி, சர்க்கரை, பாமாயில், கிருஷ்ணாயில் என்று வரிசையாக எழுதி, எதிரே இருப்பு எவ்வளவு என்று சாக்பீஸால் போட்டிருப்பார்கள். கிருஷ்ணாயில் எப்போது வரும் என்பது கடைக்காரருக்கே தெரியாது. அதனால் அம்மா என்னை விரட்டுவாள்: “ஓடிப் போய்ப் பலகையைப் பாத்துட்டு வாடா.” போவேன், பார்ப்பேன், வருவேன். “வரலம்மா.” மறுநாளும் அதே கதை. நாலைந்து நாளில் எனக்கு ஒரு குறுக்குவழி பிடிபட்டது. பலகையில் தேதி மாறியிருக்கிறதா என்று மட்டும் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் போதும். தேதி பழசு என்றால் கீழே இருப்பதும் பழசுதான். சாலையைக் கடக்கவே வேண்டாம்.

நமக்குப் பிடித்த ஓர் இணையதளத்தில் புதிதாக ஏதாவது ஏறியிருக்கிறதா என்று, அங்கே போகாமலே தெரிந்துகொள்ள ஓர் ஏற்பாடு 1999 முதல் இருக்கிறது. அதற்கும் இதே மூன்று உறுப்புகள்தான்: ஒரு பலகை, ஒரு பையன், மேலே ஒரு தேதி. ஆர்எஸ்எஸ் என்று பெயர். தமிழில் செய்தியோடை, வலைப்பதிவு எழுதிய தலைமுறை சுருக்கமாக ‘ஓடை’ என்றது. பெயரையே கேள்விப்பட்டதில்லை என்பவர்களும் அதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது கைபேசியில் பாட்காஸ்ட் கேட்பவரா நீங்கள்? உங்களுக்காக ஒரு பையன் எங்கோ ஒரு பலகையை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

இப்படி ஒரு பையன் ஏன் தேவைப்பட்டான்? வலையின் பிறவிக் குணம் அப்படி. ஒரு பக்கத்தைக் கேட்கிறீர்கள்; அதை வைத்திருக்கும் சர்வர் எடுத்துக் கொடுக்கிறது; கொடுத்த கையோடு உங்களை மறந்துவிடுகிறது. டிம் பெர்னர்ஸ் லீ வலையை வடிவமைத்தபோது அதன் உரையாடலை இவ்வளவு எளிமையாகத்தான் வைத்தார்: ஒரு கேள்வி, ஒரு பதில், அத்தோடு சரி. வந்தவர் யார், மறுபடி வருவாரா, அவருக்கு எது பிடிக்கும் என்ற கணக்கெல்லாம் சர்வருக்குக் கிடையாது. வலை இந்த அளவு பெருகியதற்கு அந்த எளிமை ஒரு முக்கியக் காரணம். ஆனால் அதன் மறுபக்கம் இது: நீங்கள் கேட்டால் ஒழிய தளம் வாய் திறக்காது. நேற்று இரவு அருமையான ஒரு கட்டுரை ஏறியிருந்தாலும், நீங்கள் போய்ப் பார்க்கும்வரை அது உங்களுக்கு இல்லை.

போய்ப் பார்ப்பதை ஒரு நிரலிடம் ஒப்படைக்கலாமே என்றால், அங்கே இன்னொரு சிக்கல். ஒரு செய்தித்தளத்தின் முகப்பைப் பார்த்த மாத்திரத்தில் எது புதுசு என்று நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நிரலுக்குத் தெரியாது. விளம்பரம் மாறியிருக்கும், மூலையில் வெப்பநிலை மாறியிருக்கும், வாசகர் எண்ணிக்கை கூடியிருக்கும். எல்லாமே அதற்கு மாற்றம்தான். ஆகவே மனிதருக்காக ஒரு பக்கம், நிரலுக்காக இன்னொரு பக்கம் என்று இரண்டு வேண்டும். நிரலுக்கான பக்கத்தில் படம் வேண்டாம், நிறம் வேண்டாம். தலைப்பு என்ன, எங்கே இருக்கிறது, எப்போது வந்தது. ரேஷன் கடைப் பலகைக்கும் அவ்வளவுதானே வேண்டும்.

இந்த எளிய விடைக்கு வந்துசேர்வதற்கு முன் தொழில் உலகம் வேறொரு பக்கம் ஓடிப் பார்த்தது. வாசகர் வந்து கேட்பானேன், நாமே கொண்டுபோய்க் கொட்டிவிடலாமே என்ற யோசனை. 1996-ல் வந்த பாயின்ட்காஸ்ட் என்ற மென்பொருள், கணினி சும்மா இருக்கும் நேரத்தில் திரை முழுக்கச் செய்தியையும் பங்குவிலையையும் விளம்பரத்தையும் ஓடவிட்டது. அமெரிக்க அலுவலகங்களில் காட்டுத்தீயாகப் பரவியது. விளைவு, அலுவலக இணைய இணைப்புகள் திணறின. பல இடங்களில் அதற்குத் தடை போட்டார்கள். 1997-ல் ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் அந்த நிறுவனத்துக்கு 45 கோடி டாலர் விலை பேசியது. பேரம் படியவில்லை. இரண்டே ஆண்டில் அது சுமார் 70 லட்சம் டாலருக்குக் கைமாறியது. கூவிக் கூவி விற்ற பொருளின் கதி அது. அதே 1999-ல்தான் எந்தக் கூச்சலும் இல்லாமல் பலகை வந்தது.

பலகையை மாட்டியது நெட்ஸ்கேப் நிறுவனம். தன் முகப்புப் பக்கத்தில் வாசகர் தனக்கு வேண்டிய தளங்களின் தலைப்புகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கிக்கொள்ளட்டும் என்று அது நினைத்தது. அதற்கு ஒவ்வொரு தளமும் தன் தலைப்புகளை ஒரே வடிவத்தில் எழுதிவைக்க வேண்டும். அந்த வடிவத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் டான் லிபி, மற்றவர் ராமநாதன் குஹா. குஹா சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். அமெரிக்கா போய், கணினிக்கு நடைமுறை அறிவைப் புகட்ட முயன்ற சைக் என்ற பெரிய திட்டத்தில் வேலை பார்த்தவர். உலகத்தில் உள்ள எதைப் பற்றியும் கணினிக்குப் புரியும்படி எழுதிவைக்க ஒரு மொழி வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் நாட்டம். ஆப்பிள் நிறுவனத்தில் அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். நெட்ஸ்கேப்புக்கு வந்தபின் அது ஆர்டிஎஃப் என்ற நெறியாக வளர்ந்தது. 1999 மார்ச்சில் வந்த முதல் ஆர்எஸ்எஸ் அந்தப் பெருங்கனவின் சின்னக் குழந்தை. அதன் விரிவே ‘ஆர்டிஎஃப் தளச் சுருக்கம்’ என்பதுதான்.

கனவு நான்கு மாதம் தாங்கியது. ஜூலையிலேயே லிபி அதன் கனமான பகுதிகளைக் கழற்றிவிட்டு எளிய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். கலிஃபோர்னியாவில் யூசர்லேண்ட் என்ற சிறு நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த டேவ் வைனர் 1997-லிருந்தே தன் தளத்துக்கு இதுபோன்ற ஒரு வடிவத்தை வைத்திருந்தார். அதிலிருந்தும் சில கூறுகள் இதில் வந்து சேர்ந்தன. ஒரு பலகையில் அதிகபட்சம் 15 வரிகள் என்று அன்று ஒரு வரம்பு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்: எல்லாவற்றையும் விளக்க வல்ல ஒரு மொழியைத் தேடிப் போனவர்களுக்கு, தலைப்பையும் முகவரியையும் மட்டும் சொல்லத் தெரிந்த ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. உலகம் எடுத்துக்கொண்டது துண்டுச்சீட்டைத்தான்.

அந்தச் சீட்டைப் பார்க்க ஆசை இருந்தால், வேர்ட்பிரஸில் கட்டப்பட்ட ஏதாவது ஒரு தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, ஃபீட் என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கூர்முனை அடைப்புக்குறிகளுக்குள் அடைபட்ட எழுத்துக் குவியல் ஒன்று வந்து விழும். பயப்பட வேண்டாம். இரண்டு நிமிடம் பொறுமையாகப் பார்த்தால் பிடிபடும். முதலில் தளத்தின் பெயர், முகவரி, அது எதைப் பற்றியது என்று ஒரு வரி. பிறகு ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கட்டு. கட்டுக்குள் தலைப்பு, சுட்டி, சுருக்கம் (தாராள மனதுள்ள தளமாக இருந்தால் முழுக் கட்டுரையும்), வெளியான நேரம், கடைசியாக ஓர் அடையாளக் குறி. இவ்வளவும் வெறும் எழுத்து. எந்தக் கணினியும் படிக்கும். தேவைப்பட்டால் மனிதரும் படிக்கலாம்.

கடைசியாகச் சொன்ன அடையாளக் குறிதான் முழு ஏற்பாட்டுக்கும் அச்சாணி. பையன் பலகையைப் பார்த்துவிட்டு வருகிறான். பத்துக் கட்டுரைகள் இருக்கின்றன. இவற்றில் எது புதுசு? சர்வரைக் கேட்டால் தெரியாது, அதுதான் மறதிக்காரராயிற்றே. ஞாபகம் முழுவதும் பையனிடம், அதாவது உங்கள் பக்கத்து நிரலிடம் இருக்க வேண்டும். அந்த நிரலைத் தமிழில் ஓடைப்படிப்பி என்று சொன்னவர்கள் உண்டு. நான் படிப்பி என்றே சொல்கிறேன். இதுவரை பார்த்த எல்லா அடையாளக் குறிகளையும் படிப்பி ஒரு பேரேட்டில் குறித்து வைத்திருக்கிறது. பேரேட்டில் இல்லாத குறி தென்பட்டால் அது புதுசு. தலைப்பைத் திருத்தினாலும், எழுத்துப்பிழையைச் சரிசெய்தாலும் குறி மாறாது. ஆகவே பழையது புதிதாக வேஷம் போட முடியாது.

குறியையே மாற்றிவிட்டால்? ஒருநாள் காலை என் படிப்பியைத் திறந்தபோது ஒரே தளத்திலிருந்து ஐம்பது கட்டுரைகள் ‘படிக்காதவை’ என்று தடித்த எழுத்தில் நின்றன. அடேயப்பா, ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினாரா என்று திறந்தால் எல்லாம் நான் எப்போதோ படித்தவை. தளத்தை வேறு சர்வருக்கு மாற்றும்போது குறிகள் எல்லாம் புதிதாக உருவாகியிருக்கின்றன. பேரேட்டைப் பொறுத்தவரை அந்த மனிதர் ஒரே இரவில் ஐம்பது கட்டுரை எழுதியவர்தான்.

இனி, எதிர்ச்சாரியில் நின்று தேதியைப் பார்க்கும் தந்திரம். ஆயிரம் பேர் ஒரு தளத்தைப் பின்தொடர்கிறார்கள், ஒவ்வொருவரின் படிப்பியும் மணிக்கு ஒருமுறை பலகையைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24,000 முறை. பலகையின் அளவு 100 கிலோபைட் என்றால் தினம் 2.4 ஜிகாபைட் பறக்கும். தளத்தில் வாரத்துக்கு ஒரு கட்டுரைதான் வருகிறது! சுத்த வீண். இதற்கு விடை ஆர்எஸ்எஸ்ஸில் இல்லை. வலையின் அடிப்படை நெறியிலேயே ஏற்கெனவே இருந்தது. சர்வர் ஒரு கோப்பைக் கொடுக்கும்போது கூடவே அது கடைசியாக மாறிய நேரத்தையும், அந்தக் கோப்புக்கு ஒரு முத்திரையையும் கொடுக்கும். அடுத்த முறை போகும் பையன் அவற்றைக் கையோடு கொண்டுபோய், “நான் கடைசியா பாத்தப்ப இந்த முத்திரை இருந்துச்சு. இப்ப மாறிடுச்சா?” என்று கேட்கிறான். மாறவில்லை என்றால் சர்வர் கோப்பை எடுக்காமல் மூன்று இலக்க எண் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுகிறது: 304.

404 என்ற எண்ணை எல்லோருக்கும் தெரியும். பக்கம் காணவில்லை என்று முகத்தில் அடிப்பதால் பேர் பெற்றுவிட்டது. 304 அப்படியல்ல. ‘எதுவும் மாறவில்லை, நீ போகலாம்’ என்பதுதான் அதன் பொருள். சில நூறு பைட்டுகளில் முடிந்துவிடும். மேலே சொன்ன ஆயிரம் பேர் கணக்கில், எதுவும் வராத ஒரு நாளில் 2.4 ஜிகாபைட் சுமார் 7 மெகாபைட்டாகச் சுருங்கிவிடும். இப்படி இன்னும் இரண்டு எண்கள் உண்டு. 301 என்றால் ‘கடை நிரந்தரமாக வேறு தெருவுக்குப் போய்விட்டது’. நல்ல படிப்பி தன் பேரேட்டில் முகவரியைத் திருத்திக்கொள்ளும். 410 என்றால் ‘கடையை மூடியாயிற்று, இனி வராதே’. கேட்ட பின்பும் வந்துகொண்டே இருக்கும் மரமண்டைப் படிப்பிகளும் உண்டு. சர்வர் பராமரிப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

ஆரம்ப காலத்தில் வேடிக்கையான நெரிசல் ஒன்று இருந்தது. பல படிப்பிகள் மணி அடித்ததும் புறப்பட்டன: ஒன்பது, பத்து, பதினொன்று என்று டாண் டாணென்று. ஊரில் உள்ள அத்தனை பையன்களும் ஒரே நொடியில் கடைவாசலில் முட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? 2004-ல் இன்ஃபோவேர்ல்ட் என்ற கணினி இதழின் தொழில்நுட்பத் தலைவர், மணி முழுசாகும்போதெல்லாம் தங்கள் சர்வரில் ஒரு அலை வந்து மோதுவதைப் பற்றி எழுதினார். தீர்வு எளிது. ஒவ்வொரு பையனும் தனக்கென்று ஒரு நேரம் வைத்துக்கொள்வது.

பெயரும் வடிவமும் பட்ட பாடு ஒரு தனிக்கதை. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரே மாதத்தில் இரண்டு பதிப்புகள் வந்தன. குஹாவின் பழைய கனவை மீட்க நினைத்த குழு 1.0 என்று ஒன்றை வெளியிட்டது. அந்தக் குழுவில் இருந்த ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற சிறுவனுக்கு அப்போது வயது 14. வைனர் தன் வழியில் 0.92 வெளியிட்டார், 2002-ல் அதையே 2.0 ஆக்கினார். ஆக, 2.0-க்கு அப்பன் 1.0 அல்ல, பங்காளி. மூன்று எழுத்துக்கு மூன்று விரிவுகள் புழங்கின. 2004-ல் மார்க் பில்க்ரிம் என்ற நிரலாளர் உட்கார்ந்து எண்ணியபோது ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஒன்பது ஆர்எஸ்எஸ் பதிப்புகள் கிடைத்தன. சண்டையில் சலித்தவர்கள் புதிதாக ஒன்றைத் தொடங்கி, ஆட்டம் என்று பெயர் வைத்தார்கள் (அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், ஆடுகிற ஆட்டம் அல்ல). 2005 டிசம்பரில் அது முறையான இணைய நெறியாகப் பதிவானது. ஒழுங்கில் ஆட்டம் மேல், பரவலில் ஆர்எஸ்எஸ் மேல். வாசகருக்கு இதில் எந்தக் கவலையும் இல்லை. இன்றைய படிப்பிகள் எல்லாவற்றையும் விழுங்கும்.

இந்தச் சண்டைகளுக்கு நடுவே நுழைந்த ஒரு சின்ன வரி, வானொலியையே மாற்றிவிட்டது. முன்பு எம்டிவியில் நிகழ்ச்சி நடத்திய ஆடம் கரி 2000-ல் வைனரைச் சந்தித்து ஒரு யோசனை சொன்னார். அன்றைய அகலப்பட்டை இணைப்பு எப்போதும் உயிரோடு இருக்கும். ஆனால் வேகம் கிடையாது. ஒரு வீடியோவைச் சொடுக்கினால் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சொடுக்கிய பிறகு ஏன் காத்திருக்க வேண்டும்? நாம் தூங்கும்போது கணினி மெல்ல மெல்ல இறக்கி வைத்திருந்து, காலையில் ‘புதுசு வந்திருக்கிறது’ என்று சொன்னால் போதாதா? காத்திருப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது ராத்திரியில் நடந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை.

வைனர் பலகையில் ஒரு வரி சேர்த்தார். இணைப்பு என்று பொருள்படும் அந்த வரியில் மூன்றே தகவல்: கோப்பு எங்கே இருக்கிறது, எத்தனை பைட், எந்த வகை. 2001 ஜனவரியில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் பாட்டு ஒன்றை அதில் வைத்துச் சோதித்தார். பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஐபாட் கருவி வந்து, பைகளில் புகுந்து, 2004-ல் கரி தானே ஒரு சிறு நிரல் எழுதி, ஓடையில் வந்த ஒலியை நேராக ஐபாடில் ஏற்றிக் காட்டியபோது கதை சூடுபிடித்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் போகிறபோக்கில் போட்ட சொல் பாட்காஸ்டிங். 2005 ஜூனில் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் அதைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டின் சொல்லாக நியூ ஆக்ஸ்ஃபோர்ட் அமெரிக்க அகராதி ‘பாட்காஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தது.

பாட்காஸ்டின் முடிவில், “நீங்கள் வழக்கமாகக் கேட்கும் எந்தச் செயலியிலும் எங்களைக் கேட்கலாம்” என்று அறிவிப்பார்கள். வேறு எதை இப்படிச் சொல்ல முடியும்? ஒரு செயலியில் எடுத்த குறும்படத்தை வேறு எந்தச் செயலியிலும் பாருங்கள் என்று யாராவது சொல்வார்களா? பலகை தெருவில் தொங்குகிறது. எந்த வீட்டுப் பையனும் வந்து பார்க்கலாம். கடைக்காரர் வீட்டுப் பையனாக இருக்க வேண்டியதில்லை.

தமிழில் இந்தப் பலகைகள் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. 2003, 2004 வாக்கில் யூனிகோடு எழுத்துரு கைக்கு வந்து, சென்னையிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் டொராண்டோவிலும் இருந்து ஆளாளுக்கு வலைப்பதிவு தொடங்கினார்கள். யார் எங்கே எழுதுகிறார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 2004-ல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் தளத்தைத் தொடங்கினார். பதிவு செய்துகொண்ட ஒவ்வொரு வலைப்பதிவின் ஓடையையும் அது போய்ப் பார்த்து, புதியதை எல்லாம் ஒரே பக்கத்தில் நேர வரிசையில் கோத்துக் கொடுத்தது. ஒரு பையன் ஊர்ப் பலகைகளை எல்லாம் பார்த்துவிட்டு வந்து தெருமுனையில் ஒரே பெரிய பலகையாக எழுதிவைத்த மாதிரி. பிறகு தேன்கூடு போன்றவையும் வந்தன. இவற்றுக்கு அன்றைய பதிவர்கள் வைத்த பெயர் திரட்டி. ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கு எழுத்து பெயர்க்காமல், வேலையைப் பார்த்து வைத்த பெயர். இன்று நினைத்தாலும் சுவைக்கிறது.

ஓடைக்குள் தமிழ் சும்மா வந்துவிடவில்லை. கோப்பின் முதல் வரியில் எழுத்துக் குறியாக்கம் இன்னது என்று சொல்ல வேண்டும். அதில் ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றில் எழுதினால், தலைப்பு முழுவதும் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த கோலமாகத் தெரியும். இன்னொரு கண்ணிவெடி, ‘மற்றும்’ என்பதற்குப் போடும் அந்தச் சுழிக்குறி. ‘இட்லி & சாம்பார்’ என்று தலைப்பில் அப்பாவித்தனமாக ஒரு குறி போட்டுவிட்டால், இந்தக் கோப்பு எழுதப்படும் எக்ஸ்எம்எல் மொழியில் அதற்குத் தனிப்பொருள் உண்டாகையால், முழுக் கோப்புமே செல்லாததாகிவிடும். கண்டிப்பான படிப்பி அன்றைக்கு எதையும் காட்டாது. தாராளமானது கண்டுகொள்ளாமல் படித்துக் கொடுத்துவிடும். உலகம் தாராளமானவற்றால்தான் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

2005 அக்டோபரில் கூகுள் தன் படிப்பியைக் கொண்டுவந்தது, பெயரும் ரீடர்தான். இலவசம், வேகம், எங்கிருந்தும் திறக்கலாம். பலரும் வேறு படிப்பிகளை விட்டு அங்கே குடிபோனார்கள். நானும் போனேன். 2013 மார்ச் 13 அன்று, வாடிகனில் புதிய போப்பின் பெயரை அறிவித்த அதே நாளில், ஜூலை 1-ஆம் தேதியோடு ரீடரை மூடப்போவதாக கூகுள் அறிவித்தது. பயன்பாடு குறைந்துவிட்டது என்று காரணம். மூட வேண்டாம் என்று கேட்ட மனுவில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் ஃபீட்லி என்ற படிப்பிக்கு ஐந்து லட்சம் புதிய வாசகர்கள் வந்து சேர்ந்தார்கள்.

ஐந்து லட்சம் பேர் இரண்டு நாளில் எப்படி வீடு மாற முடிந்தது? கூகுளிடம் இருந்தது பையன் மட்டும்தான். பலகைகள் அதனதன் இடத்திலேயே தொங்கின. எந்தெந்தப் பலகைகளைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலை ஓபிஎம்எல் என்ற ஒரு சிறு கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். இதுவும் வைனர் கைவண்ணம்தான். அதைக் கொண்டுபோய் வேறு பையனிடம் கொடுத்தால் முடிந்தது. ஒரு சமூக ஊடகத்திலிருந்து நாம் பின்தொடரும் ஆட்களை அப்படியே மூட்டை கட்டி வேறொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள், வித்தியாசம் புரியும். 2006-ல் ஃபேஸ்புக் தன் ஓயாத பட்டியலுக்கு ‘நியூஸ் ஃபீட்’ என்று பெயர் வைத்தது. பெயரை எடுத்துக்கொண்டார்கள்; நேர வரிசையை விட்டுவிட்டார்கள். எது முதலில் வர வேண்டும் என்பதை அங்கே நிறுவனத்தின் கணக்கு தீர்மானிக்கிறது. ஓடையில் கடைசியாக வந்தது முதலில் நிற்கும். அதற்கு மேல் அதற்குச் சொந்தமாக அபிப்பிராயம் கிடையாது.

வாசகர் யார் என்பதும் எழுதுகிறவருக்குத் தெரியாது. மின்னஞ்சல் மடலுக்கு முகவரி கொடுக்க வேண்டும். கொடுத்த முகவரி எங்கெங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? ஓடைக்கு எதுவும் கொடுக்க வேண்டாம். பலகையைப் பார்க்க ரேஷன் கார்டு கேட்பதில்லை. ஃபீட்லி போன்ற பொதுப் படிப்பிகள் ஆயிரம் பேருக்காக ஒரே முறை போய்ப் பார்க்கும்போது ‘என்னிடம் இத்தனை சந்தாதாரர்கள்’ என்று ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வரும். எழுதுகிறவருக்குக் கிடைப்பது அந்த எண் ஒன்றுதான். விளம்பரக்காரர்களுக்கு இது பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி முகவரிப் பட்டையில் ஒரு காலத்தில் மின்னிய ஆரஞ்சு நிறச் சின்னம், புள்ளியிலிருந்து இரண்டு அலை கிளம்புகிற மாதிரி இருக்குமே, அது மெல்ல மறைந்தது. ஓடை படிக்கும் வசதியையே 2018 டிசம்பரில் அந்த உலாவி எடுத்துவிட்டது.

சின்னம் மறைந்தாலும் பலகைகள் போகவில்லை. யூடியூபில் ஒவ்வொரு சேனலுக்கும் ஓர் ஓடை இருக்கிறது. கடைசி 15 வீடியோக்களைச் சொல்லும். தமிழ் விக்கிப்பீடியாவின் ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்துக்கு ஓர் ஓடை, ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் தனித்தனி ஓடை. உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையில் யாராவது கைவைத்தால் மறுமுறை பையன் போகும்போது தெரிந்துவிடும். ஆய்வுக் கட்டுரைகள் குவியும் ஆர்க்கைவ், துறைவாரியாக அன்றாடம் ஓடையில் கொடுக்கிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் உலகின் நிலநடுக்கங்களை ஓடையாக வெளியிடுகிறது. இந்தியாவில் புயல், வெள்ள எச்சரிக்கைகளைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் சசேத் தளத்தில் ஓடையாகவும் வைத்திருக்கிறது.

கண்டுபிடிப்பதும் சிரமமில்லை. ஃபீட்லி, இனோரீடர், நெட்நியூஸ்வயர் என்று ஏதாவது ஒரு படிப்பியை எடுத்துக்கொண்டு, தளத்தின் சாதாரண முகவரியைக் கொடுத்தால் போதும். பக்கத்தின் தலைப்பகுதியில், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ‘என் பலகை இன்ன முகவரியில் இருக்கிறது’ என்று ஒரு வரி பெரும்பாலும் எழுதியிருக்கும். படிப்பி அதைப் பிடித்துக்கொள்ளும். தண்டர்பேர்ட் அஞ்சல் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குத் தனிப் படிப்பிகூடத் தேவையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: நாளுக்கு இருநூறு செய்தி போடும் நாளிதழ்களை முதலிலேயே சேர்க்காதீர்கள். வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று எழுதுகிறவர்களைச் சேருங்கள். தினம் எழுதுகிறவரை நாமே ஞாபகம் வைத்துப் போய்ப் பார்ப்போம். எப்போதாவது எழுதுகிறவரைத்தான் மறந்துவிடுவோம், பையன் மறப்பதில்லை.

என் பட்டியலில் அப்படி ஒரு தளம் உண்டு. தென்மாவட்டத்துக் குளங்களில் பறவைகளை எண்ணி எழுதும் ஒருவருடையது. வர்ணனை கிடையாது, குளத்தின் பெயர், தேதி, பறவை, எண்ணிக்கை. ஒரு தை மாதத்தோடு அது நின்றுபோனது. பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று பலமுறை நினைத்து எடுக்காமல் விட்டேன். மணிக்கு ஒருமுறை என் படிப்பி அங்கே போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. 304. நாளுக்கு இருபத்துநாலு தடவை, ஆறு வருஷம். கணக்குப் போட்டால் ஐம்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. போன மார்கழியில் ஒருநாள் காலை அந்தப் பெயருக்கு எதிரே 1 என்று ஒரு எண். திறந்தேன். எங்கே போயிருந்தார், ஏன் நிறுத்தினார் என்று ஒரு வார்த்தை இல்லை. மஞ்சள்மூக்கு நாரை 6, நத்தைகுத்தி நாரை 22, அரிவாள்மூக்கன் 14. குளத்தில் தண்ணீர் முக்கால்.